‘ஆனா’ அண்ணன் கைமாற்றிவிட்ட ஒப்பந்தம்

ஜொகூர் மாநிலத்திலேயே வாயைத் திறந்து வாடிக்கையாளரை விரட்டிய ஒரே வீட்டுத் தரகர் ‘ஆனா’ அண்ணன்தான். எந்த வீட்டைப் புகழ்ந்தாலும் அவர் வாயில் அடுத்த சொல் ‘ஆனா’. அவர் குடியிருக்கும் தம்போய் வட்டாரத்தில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் தெரியாது.

அவரிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் புத்திசாலித்தனம். மாதிரி வீட்டைக் காட்டிய பெண் என்னை மூன்று முறை ‘பாஸ்’ என்று கூப்பிட்டாள். ஜொகூர் பாருவில் பதினேழாவது மாடி வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சாவி வாங்கிய அன்றுதான் மனைவி கேட்டாள்: “லிஃப்ட்ல எப்படிங்க ஏறுவீங்க?”

எனக்கு லிஃப்ட் என்றால் நடுக்கம். படியில் ஏறிப் பார்த்தேன். ஒன்பதாவது மாடியில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டின் உரிமைப் பத்திரம் இன்னும் வரவில்லை. அதனால் நான் போட்ட ஒப்பந்தத்தைத்தான், கட்டிய நிறுவனத்தின் சம்மதத்தோடு, இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆள் பிடிக்க அண்ணன் வந்தார். மனைவி அவரோடு மேலே போவாள். நான் வீரமாகக் கீழே நிற்பேன்.

முதலில் வந்தது சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பதி. வீடு பிடித்துப்போய்க் கிளம்பியவர்களை அண்ணன் உட்கார வைத்தாராம். “நல்ல வீடுலா. ஆனா நாலு மணிக்கு வெயில் நேரா உள்ள வரும். இருந்து பார்த்துட்டுப் போங்க.” பார்த்தார்கள். போனார்கள்.

அடுத்து வந்த ஆசிரியர், ஏன் கைமாற்றுகிறார்கள் என்று கேட்டார். அண்ணன் என் கதையை ஒன்பதாவது மாடி உட்பட விவரித்தார். ஆசிரியர் படியிலேயே இறங்கி வந்து என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்; வீட்டை மட்டும் வாங்கவில்லை.

நான் அண்ணனிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “நாளைக்கு அவங்கதானே தம்பி அங்க படுக்கணும்?”

மூன்றாவதாக மூவாரிலிருந்து ஒரு அக்கா வந்தார். மோர்மிளகாயும் வடகமும் போட்டு விற்பவர். அண்ணன் வெயிலைப் பற்றிச் சொன்னதும் பால்கனியில் கையை நீட்டிப் பார்த்து, தினமும் அடிக்குமா என்று மட்டும் விசாரித்தாராம். நிறுவனத்தின் சம்மதக் கடிதம் வந்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் அவர் பேனாவை எடுத்தபோது அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“ஆனா, லிஃப்ட் சில நாள் ஓடாது.”

“பரவால்லண்ணே, மிளகா காஞ்சா போதும்” என்று கையெழுத்துப் போட்டார் அக்கா.

இப்போது தரை வீடு தேடுகிறோம். ஞாயிறுதோறும் அண்ணன் வருவார், குறை சொல்வார், பிறகு மூவரும் கடையில் நுரை பொங்க ஆற்றிய டீ, தேத்தாரே, குடிப்போம். போன வாரம் பார்த்த வீட்டில் அவர் வாயே திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறை நினைத்து நான்தான் அவசரமாக ஒரு குறை கண்டுபிடித்துச் சொன்னேன்.