சமமில்லை. சரி.

நீலக் கோட்டின் வலது தோள் இடது தோளைவிட ஒரு அங்குலம் கீழே இருந்தது. தையற்காரி மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் கோபம்தான் ஏறியது.

அதைவிடக் கொடுமை, வெட்டி ஓட்டுத்தையல் போட்ட மகராசன் துணியில் குத்தி வைத்திருந்த சீட்டு. அதில் "சமமில்லை. சரி." என்று எழுதியிருந்தது.

"சமமில்லையாம், ஆனா சரியாம்," என்றாள், காஜா போடும் பெண்ணிடம். "இருபத்திரண்டு வருஷமா இந்த மனுஷன்கிட்ட நான் சரி சரின்னு போனதுக்குப் பலன் இது."

மகராசன் வேறு யாருமில்லை, கடையின் கட்டிங் மாஸ்டர், அவள் கணவர். பட்டன் வாங்கப் போயிருந்தார். கூப்பிட்டுக் கேட்கலாமென்றால் அவர் போன் மேஜைமேல் கிடந்தது. ஒரு வாரமாகவே அவர் போக்கு ஒரு மாதிரிதான். அவள் மிஷினில் குனிந்திருக்கும்போதெல்லாம் டேப்போடு பின்னால் வந்து நிற்பார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். வேலையில் புத்தி இருந்தால்தானே?

ஐந்து மணிக்குத் தலைமையாசிரியை வந்துவிடுவார். அவருடைய கோட்டு நன்றாக அமைந்தால் பள்ளிச் சீருடை முழுக்க இவர்களுக்கு, இல்லையென்றால் எதிர்க்கடைக்கு. அந்தத் துணி வந்த அன்று அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஊருக்கெல்லாம் தைக்கிறேன், எனக்கு ஒன்று தைக்க நாதியில்லை என்று புலம்பியிருந்தாள். அப்பேர்ப்பட்ட துணியையா இப்படிக் கோணலாக வெட்டுவது?

"அக்கா, அது வந்து..." என்றாள் காஜாப் பெண்.

"வாயை மூடிக்கிட்டு காஜாவைப் பாரு."

இடது தோளில் ஒரு அங்குலம் நறுக்கினாள். தோள்கள் சமமாயின, இடது கை தூக்கிக்கொண்டது. கைக்குழியைத் தோண்டினாள். இப்போது வலது கை தொங்கியது. அதையும் தோண்டினாள். காலர் இழுத்தது, பிரித்து நறுக்கினாள். கீழ் விளிம்பு ஏறி இறங்கியது. ஒவ்வொரு நறுக்குக்கும் கணவர் பரம்பரையில் ஒருவராகத் திட்டிக்கொண்டு வந்தாள். மாமனாரில் ஆரம்பித்து, முகமே தெரியாத கொள்ளுத்தாத்தா வரை போயிற்று.

காஜாப் பெண் மறுபடி வாயெடுத்தாள். தையற்காரி கத்தரியைக் காட்டினாள்.

கடைசியில் கோட்டு இரண்டு பக்கமும் துளி பிசகாமல் சமமாக இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் போடலாம்.

அப்போதுதான் தலைமையாசிரியை உள்ளே வந்தார். தையற்காரி கோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, மாஸ்டர் வெட்டியதில் ஒரு தப்பு நடந்துவிட்டது என்று இழுத்தாள். தலைமையாசிரியையோ கதவோரம் கவரில் தொங்கிய வேறொரு நீலக் கோட்டைத் தன் பெயர் பார்த்து எடுத்தார். நேற்று அவள் பல்வலியோடு வீட்டில் கிடந்தபோது மாஸ்டரே தைத்து முடித்தது அது. போட்டுப் பார்த்தார். கச்சிதம் என்றார். சீருடைக்கு அளவெடுக்கத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டுப் போனார்.

தையற்காரி கையிலிருந்ததை மேஜையில் வீசினாள். கோபம் இன்னும் இறங்கவில்லை.

"அப்ப இது எந்தக் கோணல் தோளுக்குடி?"

காஜாப் பெண் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உங்க தோளுக்குத்தான்க்கா. ஒரு வாரமா அண்ணன் பின்னாடி நின்னு அளந்தது அதைத்தான்."