பச்சை வந்தபின் வீட்டுக்குப் போகலாம்

வேலைக்குப் போகும் பெற்றோர் மன உளைச்சலோடு வீடு திரும்புவது நாட்டுக்கு நல்லதல்ல என்று நிழற்கூரைப் பராமரிப்புக் கழகம் கண்டுபிடித்தது. அதைக் கண்டுபிடித்த கூட்டம் மாலையில் தொடங்கி நெடுநேரம் நீண்டதால், கலந்துகொண்ட பெற்றோர் அனைவரும் அன்று மன உளைச்சலோடுதான் வீடு திரும்பினார்கள். ஆக, கண்டுபிடிப்புக்குச் சான்றும் கையோடு கிடைத்துவிட்டது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து அடுக்குமாடி புளோக் வரைக்கும் மக்கள் நனையாமல் நடக்கக் கூரை போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்துக்கொள்வதுதான் கழகத்தின் வேலை. அலுவலகம் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில். கூரைக்கும் மன உளைச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதால் சுற்றறிக்கையே அதை விளக்கியது: 'கூரையின் கீழ் நடப்பவரின் உள்ளமும் கூரையின் கீழ்தான் நடக்கிறது.'

இப்படிப் பிறந்ததுதான் 'மலரும் பெற்றோர்' திட்டம். பிள்ளை பெற்ற ஒவ்வோர் ஊழியருக்கும் ஒரு கைப்பட்டை. மனம் அமைதியாக இருந்தால் அது பச்சை, கலங்கினால் மஞ்சள், கொதித்தால் சிவப்பு. சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்பும் பெற்றோர் முதலில் அமைதி அறையில் அமர்ந்து பச்சைக்கு வரவேண்டும். பச்சையைக் கண்ணால் பார்த்து அனுமதி வழங்க அகிலன் என்ற இளைஞர் அமைதி ஒருங்கிணைப்பாளராக நியமிக்கப்பட்டார். அதுவரை அவர் கூரைகளின் தண்ணீர்க் குழாய்களைக் கவனித்துவந்தவர். பிள்ளை குட்டி கிடையாது. ஆகவே நடுநிலையானவர்.

நிரஞ்சனா இதையெல்லாம் எதிர்க்கிற ஆள் இல்லை. ஒழுங்கு அவளுக்குப் பிடிக்கும். பாசிர் ரிஸ் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவின்மேல் நிறம் நிறமாக அட்டவணை எழுதி ஒட்டியிருந்தாள். கணவர் பிரேமுக்கு நீலம், மகள் இனியாவுக்கு ஆரஞ்சு, துணி துவைப்பதற்கு ஊதா. தனக்கென்று வாங்கிய ரோஸ் நிறப் பேனாவின் மூடியைத்தான் இன்னும் திறக்கவில்லை.

அந்த வியாழக்கிழமைச் சதுரத்தில் ஆரஞ்சில் எழுதியிருந்தது: கதை சொல்லும் போட்டி, மூன்று மணி. பிரேம் வேலை விஷயமாகக் கடல் தாண்டிப் பாத்தாம் தீவில். போன வருடப் போட்டிக்கு வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. இனியா கதையின் நடுவில் மறந்துபோய், மேடையில் நின்று அழுதுவிட்டு இறங்கினாள்.

"நீங்க முன்னால உக்கார வேணாம்மா. பின்னால நின்னாப் போதும். மறந்துட்டா உங்க வாயைப் பாத்துச் சொல்லிடுவேன்" என்றிருந்தாள் பிள்ளை.

"கண்டிப்பா வர்றேன்டா."

"போன வருஷமும் கண்டிப்பான்னுதான் சொன்னீங்க."

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு நிரஞ்சனா அமைதி அறைக்கு ஓடினாள். அங்கே ஆறு பீன் பேக் இருக்கைகள். எல்லாமே காலி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு டிஷ்யூ பொட்டலம்.

இந்த ஊரில் சாப்பாட்டுக் கடை மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்துவைத்த இடம். நிலப் பத்திரத்தை எதிர்த்துக்கூட வழக்குப் போடலாம், டிஷ்யூவை எதிர்த்து முடியாது. காலையிலேயே ஆறு பேர் வந்து ஆளுக்கோர் இடம் பிடித்திருந்தார்கள். அதில் நிரஞ்சனாவும் ஒருத்தி. பிரச்சினை என்னவென்றால், எல்லாரும் வைத்தது திட்டத்தில் இலவசமாகக் கொடுத்த பொட்டலம். எல்லாவற்றிலும் 'மூச்சு விடுங்கள்' என்ற ஒரே வாசகம். துப்புரவு செய்த அம்மா அவற்றையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுத் தரையைத் துடைத்து, பிறகு பொறுப்பாக இருக்கைக்கு ஒன்றாகத் திருப்பி வைத்திருந்தார்.

கணக்குப் பிரிவு நஸீஹா அங்கே நின்றுகொண்டிருந்தாள். இரட்டைப் பிள்ளைகளுக்குத் தாய்.

"உங்களுது எது, அக்கா?"

"சன்னல் பக்கம் வச்ச ஞாபகம்."

"நானும் சன்னல் பக்கம்தான்லா!"

வரைபடப் பிரிவு நிஷாந்தனும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். "ஆறு பேரு, ஆறு டிஷ்யூ, ஆறு சீட்டு. ஆளுக்கு ஒண்ணுல உக்காந்தா முடிஞ்சுபோச்சு."

"சொல்றது ஈஸி. காலையில இடம் பிடிச்ச மிஸ்டர் டான் சீட்டுல உக்காந்து நீங்க அமைதியானீங்கன்னா, அந்த அமைதி யாருது?" என்றாள் நஸீஹா.

நிஷாந்தன் யோசித்தார். கைப்பட்டை மஞ்சளுக்கு மாறியது.

அகிலனைக் கூப்பிட்டார்கள். அவர் விதிகளைப் புரட்டினார். "ஒருத்தர் பிடிச்ச இடத்துல இன்னொருத்தர் அடையிற அமைதி செல்லாது."

"அப்போ நின்னுக்கிட்டே அமைதியாகலாமா?"

"அமைதிங்கிறது அமர்ந்த நிலை, சார். நாலாவது பத்தியில இருக்கு."

மிஸ்டர் டான் உட்பட மற்ற மூவரும் வந்து சேர, ஆறு பெற்றோர் ஆறு காலி இருக்கைகளைச் சுற்றி நின்றார்கள். காட்சி அழகாக இருந்ததால் அகிலன் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

நிரஞ்சனா கடிகாரத்தைப் பார்த்தாள். இனியா இந்நேரம் தலைவாரி, மேடைக்குப் பக்கத்தில் வரிசையில் நிற்பாள். ஒரு துண்டுக் காகிதப் பொட்டலத்துக்குப் படித்த ஆறு பேர் பயந்து நிற்கிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் இருந்ததே தவிரக் கை நீளவில்லை. பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த பொட்டலத்தைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"நிரஞ்சனா அக்கா!" நஸீஹா வாயைப் பொத்திக்கொண்டாள். மிஸ்டர் டான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்தவர் பிடித்த இடத்தில் உட்கார்ந்த குற்ற உணர்ச்சியில் நிரஞ்சனாவின் கைப்பட்டை சிவந்தது.

"பாத்தீங்களா? உக்காரும்போது மஞ்சள்லதான் இருந்தீங்க" என்றார் அகிலன் வருத்தத்தோடு.

"தம்பி, என் பிள்ளை மேடை ஏறப்போறா."

"அதைத்தான் சொல்றேன். இந்த நிலைமையில நீங்க போய் நின்னா பிள்ளை மனசு என்ன ஆகும்?"

"போகலேன்னா என்ன ஆகும்?"

"போகலேன்னா பாதிப்பு இல்லைக்கா. டேட்டா இருக்கு."

அவள் எழுந்து கதவை நோக்கி நடந்தாள். கதவருகில் ஒரு திரை. சுத்தமாக இருக்கிறதா என்று கருத்துக் கேட்கக் கழிப்பறை வாசலில் மாட்டியிருப்பார்களே, அழுகிற முகம் முதல் சிரிக்கிற முகம் வரை, அதே மாதிரி. ஏதாவது ஒரு முகத்தை அழுத்தினால்தான் கதவு திறக்கும்.

"அழுற மூஞ்சியை மட்டும் தொட்டுடாதீங்க. குறை கேக்க ஆஃபிசர் வருவாரு. போன வாரம் நான் தொட்டுட்டு, பிள்ளைங்க ரெண்டும் சைல்ட்கேர் வாசல்லயே தூங்கிடுச்சு" என்றாள் நஸீஹா.

நிரஞ்சனா நல்ல அகலமாகச் சிரித்துக்கொண்டிருந்த முகத்தை ஓங்கி அழுத்தினாள். கதவு திறந்தது. 'மிகுந்த திருப்தி' என்றது திரை.

அகிலன் குழம்பினார். மறுபடி விதிகளைப் புரட்டினார். திருப்தி அடைந்தவர் மன உளைச்சலில் இருக்க முடியாது என்பது திட்டத்தின் அடிப்படைக் கோட்பாடு. "பட்டை சிவப்பு. ஆனா திருப்தி. அப்போ பட்டைதான் பழுது. நீங்க போலாம்க்கா."

உடனே மற்ற ஐந்து பேரும் திரைக்கு முன்னால் வரிசை பிடித்தார்கள்.

டாக்சியில் போய் இறங்கி, பள்ளி மண்டபத்தின் பின்கதவு வழியாக அவள் நுழைந்தபோது இனியா மேடையில் நின்றுகொண்டிருந்தாள். கட்டண இயந்திரத்தில் தட்டவேண்டிய பயண அட்டையோடு பேருந்தில் ஏறப்போன ஆமையின் கதை. "ஆமை... ஆமை வந்து..." அதற்கு மேல் வரவில்லை. பிள்ளையின் கண்கள் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே தேடின. நிரஞ்சனா கையை உயர்த்தி, வாயை மட்டும் அசைத்தாள்: அட்டையைத் தட்டுச்சு.

"ஆமை அட்டையைத் தட்டுச்சு!" என்று கத்தினாள் இனியா. மண்டபம் சிரித்தது. கதை ஓடி முடிந்தது. கைப்பட்டை அப்போது என்ன நிறம் என்று நிரஞ்சனா பார்க்கவில்லை.

அறிக்கை அடுத்த மாதம் வெளியானது. 'மலரும் பெற்றோர்' திட்டத்தில் நூற்றுக்கு நூறு பேர் மிகுந்த திருப்தி. முன்னட்டையில் ஆறு பெற்றோர் நின்ற நிலையில் தியானம் செய்யும் படம். மற்ற அமைப்புகளும் பின்பற்றத்தக்க முன்மாதிரி என்று அது பாராட்டப்பட்டது. அதைப் படித்து மனம் நெகிழ்ந்த இனியாவின் பள்ளி, பெற்றோரே இவ்வளவு பயனடைந்திருக்கும்போது பிள்ளைகளை ஏன் விடவேண்டும் என்று முடிவெடுத்தது.

திட்டம் பள்ளியில் தொடங்கிய நாளன்று நிரஞ்சனா, இப்போது கைக்கு நன்றாகப் பழகிவிட்ட அந்தச் சிரித்த முகத்தை அழுத்திவிட்டு, மகளை அழைத்துப்போக முன்னதாகவே வந்து வாசலில் நின்றாள். அவளைப்போல் இன்னும் பல பெற்றோர். ஒரு பிள்ளையும் வெளியே வரவில்லை. ஆசிரியை சுசீலா வந்தார்.

"இனியா இன்னும் மஞ்சள்லதான் இருக்கா, அம்மா. பச்சை வந்தாத்தான் அனுப்ப முடியும்."

"ஏன் டீச்சர், என்ன ஆச்சு அவளுக்கு?"

"ஒண்ணும் இல்ல. அம்மா வாசல்ல காத்துக்கிட்டு இருக்காங்களேன்னு தவிக்கிறா. எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான்." ஆசிரியை குரலைத் தாழ்த்தினார். "நீங்கள்லாம் கொஞ்சம் கிளம்பிட்டீங்கன்னா அமைதியாயிடுவாங்க."

பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் பொறுப்பானவர்கள், பிள்ளையின் நலனை விரும்புகிறவர்கள். ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாக நிரஞ்சனாவும்.

சற்று நேரத்தில் பிள்ளைகள் அத்தனை பேரும் பச்சைக்கு வந்துவிட்டார்கள். கூட்டிக்கொண்டு போகத்தான் வாசலில் யாரும் இல்லை.