பெரட்டு சார் போட்ட பேர்

மூடுபனியை வகுப்பை விட்டு வெளியே அனுப்பிய ஆசிரியர் இந்த நீலகிரியில் ஒருவர்தான். அவர் பெரட்டு சார்.

கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை, கண்ணால் கண்டது. கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம், இறங்கித் தேயிலைக்குள் அரை மணி நேரம் நடை. அங்கே ஒரு தோட்டத்துத் தொடக்கப் பள்ளிக்கு உதவி ஆசிரியையாக மாற்றலாகி வந்த முதல் நாள். ஈரோட்டு வெயிலில் காய்ந்த உடம்பை இரண்டு ஸ்வெட்டருக்குள் திணித்துக்கொண்டு கரும்பலகையில் 'அணில்' எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக வெள்ளையாக ஒன்று உள்ளே வந்தது. முதலில் பின்வரிசை காணாமல் போனது. பிறகு நடுவரிசை. பிறகு அணில்.

தலைமையாசிரியர் எழுந்து வந்தார். ஒடிசலான ஆள், மங்கி குல்லா, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். ஜன்னலைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"யாரக் கேட்டு உள்ள வந்த? பாடம் நடக்குறது தெரியல? போ வெளிய. பின்கதவு அந்தப் பக்கம் இருக்கு!"

சொல்லிவிட்டு அவரே போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் அணில் திரும்பி வந்தது, பிள்ளைகளும் வந்தார்கள். ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. முன்வரிசையில் இருந்த ஒன்றாம் வகுப்பு தர்ஷிகா எனக்கு ஆறுதல் சொன்னாள்: "பயப்படாதீங்க டீச்சர். சார் சொன்னா கேட்டுக்கும்."

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அலுவலகக் கடிதங்களில் மட்டும் உயிரோடு இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம், இவர் அப்போது கைக்குழந்தை. அந்தத் தோட்டங்களில் விடிகாலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் 'பெரட்டு' என்று பெயர். வெள்ளைக்காரன் சொன்ன பரேடு, மலை ஏறி மூச்சிரைத்துப் பெரட்டு ஆகியிருக்க வேண்டும். நம் ஆள் பள்ளியின் காலை வழிபாட்டையே பெரட்டு ஆக்கிவிட்டார். "ஒம்பதே காலுக்குப் பெரட்டு. வெள்ளன வந்துருங்க டீச்சர்" என்பதுதான் அவர் எனக்கிட்ட முதல் ஆணை.

பெரட்டில் பிள்ளைகள் தேயிலைச் செடிகளைப்போல வரிசையாக நிற்பார்கள். வருகைப் பதிவுக்கு அங்கே 'உள்ளேன் ஐயா' கிடையாது. தோட்டத்தில் முழு நாள் வேலை செய்தவருக்கு 'முழுப்பேர்' விழும். மத்தியானத்தோடு போனால் 'அரைப்பேர்'. வராவிட்டால் 'பேர் இல்லை'. அதே கணக்குத்தான் வகுப்பிலும். காலையில் தாமதித்தவனுக்கு அரைப்பேர். "சார், சார், இன்னிக்கு மட்டும் முழுப்பேர் போட்ருங்க சார்" என்று பிள்ளைகள் கெஞ்சுவதைப் பார்த்தால், இவர்கள் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்களோ என்று சந்தேகம் வரும்.

பாடம் நடத்துவதிலும் அவருக்கென்று ஒரு வழி. கடல் பார்த்திராத பிள்ளைகளுக்குக் கடலைச் சொல்லித்தர வேண்டுமே என்று ஒருநாள் எல்லோரையும் மேட்டுக்கு இட்டுச்சென்றார். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் நிரம்பிக் கிடந்தது. நடுவில் ஒரு பாறை மட்டும் தலையை நீட்டியிருந்தது.

"இதுதான் கடல். அதுதான் தீவு. நாங்க அந்தப் பக்கம் இருந்துதான் வந்தோம்."

பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மறுநாள் பதினோரு மணிக்குத் தர்ஷிகா மூச்சுவாங்க ஓடிவந்து என் சேலையை இழுத்தாள். "டீச்சர், கடல் காய்ஞ்சுபோச்சு டீச்சர்! உள்ள ஒரு பஸ்ஸு போகுது!"

சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த மலைக்குச் சிரிப்பு ஒட்டாது. ஜூனில் பிடிக்கும் மழை எப்போது விடும் என்று மழைக்கே தெரியாது. தோட்டத் தொழிலாளிகள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒவ்வொரு கதவாகப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது. இன்று ஒரு குடும்பம் திருப்பூருக்கு, அடுத்த மாதம் ஒரு குடும்பம் கோயம்புத்தூருக்கு. போகிறவர்கள் பாத்திரங்களோடு பிள்ளைகளையும் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். பூட்டிய கதவுகளில் பாசி ஏறியது. நான் வந்த இரண்டாம் வருஷம் பெரட்டில் நின்றவர்கள் பதினோரு பேர். ஒரு பிள்ளை இருக்கும் வரை பள்ளியைப் பூட்டுவதில்லை, ஒருவருமே இல்லையென்றால் சாவி கைமாறும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சாவியைப் பெரட்டு சார் இடுப்பில் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார், ஏதோ யாராவது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள் என்பதுபோல.

அந்த வருஷம்தான் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். சமவெளிக்காரர். மலை வளைவுகளில் இரண்டு முறை வாந்தியெடுத்து, முகம் வெளுத்து வந்திருந்தார். பிள்ளைகளோடு பழக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டாம் வகுப்புப் பையனைக் குனிந்து கேட்டார்.

"தம்பி, உன் பேர் என்ன?"

"அரைப்பேர் சார்."

"அரைப் பேரா? முழுப் பேரைச் சொல்லுப்பா."

"முழுப்பேர் கெடைக்கல சார். வழியில காட்டெரும நின்னுச்சு."

அதிகாரி நிமிர்ந்தார். பக்கத்துப் பெண்ணிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. உன் பேரு?"

"எனக்கு முழுப்பேர் சார்!" நெஞ்சு நிமிர்ந்தது.

"சரி, அதைச் சொல்லு."

"அதான் சார். முழுப்பேர்."

"யாரு வச்ச பேரு அது?"

"பெரட்டு சார் போட்டாரு சார்."

மூலையில் மூக்கொழுக நின்ற இன்னொருவன், தன்னையும் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் தானாகவே சொன்னான்: "எனக்கு நேத்து பேரே இல்ல சார். காய்ச்சல்."

பெரட்டு சாரைப் பார்த்தேன். முகமெல்லாம் பெருமை. அவர் காதில் எல்லாம் சரியான விடைகளாகவே விழுந்தன. குழப்பம் புரிந்த ஒரே ஆள் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானோ முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

அதிகாரி குறிப்பேட்டில் எதையோ எழுதினார். ஜீப்புக்குப் போகிற வழியில் கொழுந்துக்கூடையோடு நின்ற அம்மாக்களிடம், "ஏம்மா, உங்க பிள்ளைங்களுக்குச் சொந்தப் பேரே தெரியலையே, கவனிக்கிறதில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். அந்த வாரமே ஜங்ஷனில் இருந்த இங்கிலீஷ் மீடியத்திலிருந்து வேன் வந்தது. பெரட்டு சார் லைன் லைனாகப் போய் நடந்ததை விளக்கினார். அம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே பிள்ளைகளை வேனில் ஏற்றினார்கள்.

பதினொன்று நான்கானது. அடுத்த வருஷம் நான்கு ஒன்றானது. அந்த ஒன்று தர்ஷிகா. அப்போது மூன்றாம் வகுப்பு.

ஒரு பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம், இரண்டு ஆசிரியர்கள், ஒரு சமையல்காரர். மகாராணிக்குக்கூட இப்படி வாய்த்திருக்காது. ஆனால் பாடப்புத்தகம் ஒரு பிள்ளைக்காக எழுதப்பட்டதல்லவே. பக்கத்துக்குப் பக்கம் 'குழுவாக அமர்ந்து கலந்துரையாடுக' என்றிருந்தது.

"குழுன்னு போட்டிருக்கு டீச்சர். குழு இல்லாம எப்படி?" என்றார் பெரட்டு சார். குல்லாவைக் கழற்றிவிட்டுப் பாயில் தர்ஷிகாவுக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சமையலறையைப் பார்த்துக் கூப்பிட்டார். "சரோஜா, பருப்ப எறக்கி வச்சுட்டு வா. நீயும் குழு."

"ஏனுங் சார், எனக்குப் படிப்பே வராதுங்களே!"

"அதுக்குத்தான் பள்ளிக்கூடம். ஒக்காரு."

அன்றிலிருந்து என் வகுப்பில் மூன்று மாணவர்கள். அதில் மகா மோசமான மாணவர் தலைமையாசிரியர்தான். கிரேயானை உடைத்தார். மிச்சம் மீதிக் கணக்கில் வேண்டுமென்றே தப்புச் செய்துவிட்டுத் தர்ஷிகாவிடம் குட்டு வாங்கினார். வெளியே போக வேண்டுமென்றால் சுண்டுவிரலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் அனுமதி கேட்டார். குழுத்தலைவர் தேர்தலில் நின்று, தன் ஓட்டைத் தவிர வேறு ஓட்டு வாங்காமல் தோற்றார். விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயம் வைத்தோம். சரோஜாக்கா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதலாவதாக வந்தார், தர்ஷிகா இரண்டாவது. பெரட்டு சார் பாதி தூரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் மூன்றாம் பரிசை விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கிடையில் தர்ஷிகாவின் அம்மா செல்வி இரண்டு முறை வந்து போனாள். தங்கச்சி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள், பக்கத்திலேயே வீடு பார்த்திருக்கிறாள், டீ.சி. வேண்டும். இரண்டு முறையும் பெரட்டு சார் முகத்தை இரும்பாக்கிக்கொண்டு ஒரே பதிலைச் சொன்னார்: "டீ.சி. புக்கு தீந்துபோச்சு செல்வி. மேல எழுதிப் போட்டிருக்கேன்." மேசை இழுப்பறையில் புத்தகம் பளபளவென்று கிடந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

அவள் நாலாம் வகுப்பு வந்த வருஷம், ஒரு மழை நாளில் 'உன் தோழியைப் பற்றி ஐந்து வரி எழுதுக' என்ற பாடம் வந்தது. தர்ஷிகா நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதினாள். பெரட்டு சார் சிவப்புப் பேனாவோடு வாங்கி உரக்கப் படித்தார்.

'என் தோழி பெரட்டு சார்.'

சரோஜாக்கா கெக்கலித்தார். சாரும் சிரித்தார்.

'அவருக்கு வயது ஐம்பத்தேழு. அவருக்கு முட்டிவலி. அதனால் ஓடிப்பிடித்து விளையாட வர மாட்டார்.'

ஐந்தாவது வரியை அவர் படிக்கவில்லை. நோட்டு என் கைக்கு வந்தது. 'அவர் ரிட்டேர் ஆனதும் எனக்குத் தோழி இல்லை.'

பழக்கத்தில் அவருடைய பேனா 'ரிட்டேர்' மேல் ஒரு வட்டம் போடத் தொடங்கியிருந்தது. பாதி வட்டத்தில் நின்றிருந்தது. அவர் எழுந்து வெளியே போனார். கூரையே இல்லாத இடத்தில் போய் நின்றார். தர்ஷிகா என்னைக் கேட்டாள், "டீச்சர், தப்பா எழுதிட்டனா?"

"இல்ல சாமி. எல்லாம் சரி."

அன்று சாயங்காலம் மழையோடு லைன் வீட்டுக்கு நடந்தோம். செல்வி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சார் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய தாளை எடுத்து நீட்டினார்.

"டீ.சி."

"புக்கு தீந்துபோச்சுன்னீங்களே சார்?"

"பொய் சொன்னேன்."

"ரெண்டு தடவையுமா?"

"ரெண்டு தடவையுந்தான். வெள்ளிக்கெழம பஸ் ஏறு."

செல்வி தாளை வாங்கவில்லை. "அப்ப நம்ம பள்ளிக்கூடம் சார்? இவ போயிட்டா பூட்டிருவாங்களே. நானும் அங்கதான படிச்சேன்."

"நீ படிக்கிறப்ப பாயில எடம் இருக்குமா?"

"எங்க சார் இருக்கும்? இடிச்சுக்கிட்டுத்தான் ஒக்காருவோம்."

"இவள இடிக்க யாருமில்ல செல்வி." தாளை அவளுடைய ஈரக்கையில் வைத்து மடக்கினார். "நான் கெழவன். எத்தன நாளைக்கு இடிப்பேன்?"

வெள்ளிக்கிழமை அவர்கள் போனார்கள். திங்கட்கிழமை சாவியும் போனது. எங்களைப் பிரித்துப் போட்டார்கள், என்னைக் கோத்தகிரிக்கு, அவரைக் குந்தா பக்கம். புதுப் பள்ளியில் எனக்கு அறுபது பிள்ளைகள், காது நிறையச் சத்தம். ஆனாலும் பனி இறங்கும் பகல்களில் பாதிப் பாடத்தில் போய்ப் பின்கதவைத் திறந்துவிடுகிறேன்.

போன மாதம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். மூக்கும் கன்னமும் கருகித் தோல் உரிந்திருந்தது.

"ஏனுங்க சார், மூஞ்சிக்கு என்னாச்சுங்க?"

"திருப்பூர் வெயிலு டீச்சர். லீவு போட்டுட்டுப் போனேன்." குரலைத் தாழ்த்தினார், ஏதோ திருடிவிட்டு வந்தவர்போல. "மத்தியான பெல் அடிக்கிற நேரம். கேட்டுக்கு வெளியில நின்னு பாத்தேன். ஒரு கிளாஸுக்கு நாப்பது புள்ளைக டீச்சர்! நம்ம தர்ஷிகா ஒரு புள்ளகூட சண்ட போட்டுக்கிட்டிருந்தா. அது ரிப்பன இவ புடிச்சு இழுக்க, இவ சடைய அது புடிச்சு உலுக்க... பிரமாதம்!"

"விலக்கி விடலீங்களா?"

"எதுக்கு விலக்கணும்? இப்பத்தான அவளுக்கு ஆள் கெடைச்சிருக்கு."

"சரிங்க சார், அப்புறமாவது கூப்பிட்டுப் பேசுனீங்களா?"

அவர் மேட்டுப்பாளையம் பஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கூப்பிடல டீச்சர். கூப்பிட்டா சண்டைய அப்படியே வுட்டுட்டு என்கிட்ட ஓடியாந்துருவா."

நான் போக வேண்டிய பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இரண்டு முறை கூப்பிட்டார். அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். நான் ஏறவில்லை.