இரண்டு தரிப்புத் தள்ளி

ஜோன்சன் அண்ணை செய்ன் ஆற்றைக் கண்ணாலும் காணக்கூடாது என்று வலன்ரைன் முடிவெடுத்தார்.

ஆற்றின்மேல் வலன்ரைனுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அறிமுகமே இல்லாதபோது கோபம் எங்கிருந்து வரும்? பாரிசுக்கு வந்து தலை நரைத்துவிட்டது, இன்னும் அந்தக் கரையை அவர் மிதித்ததில்லை. விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்குகிற வேலை. காலையில் கார்-து-நோர் நிலையத்தில் ரெயின் ஏறுவார், பின்னேரம் அதே கார்-து-நோரில் இறங்குவார். இறங்கினால் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல், லாச்சப்பலில் வீடு. அதற்குப் பிறகு அந்த ரெயின் எங்கே போகிறது என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் ரூ லூயி-பிளாங் தெருவில் கூட்டாளியின் தொலைபேசிக் கடைப் பின்னறையில் முந்நூற்றிநாலு. நாலாவது கை இல்லாமல் அந்தச் சீட்டு விளையாட்டு நடக்காது என்பதால் அதை ஒரு கடமையாகவே செய்துவந்தார்.

கலியாணம் கட்டிய புதிதில் மனைவி ஞானமலர் ஆற்றங்கரையில் நடக்கக் கூப்பிட்டார். குளிர் என்றார் வலன்ரைன். கோடையில் கூப்பிட்டார். வெயில் என்றார். பிறகு ஞானமலர் கூப்பிடுவதை விட்டுவிட்டார். காதலர்களுக்கான புனிதரின் பெயரை வைத்துக்கொண்டு இப்படியும் ஒரு மனிதன் இருக்கிறான் என்று தெரிந்தால், ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியார் தண்ணீரைத் திருப்பிக் கேட்பார்.

வினை தொலைபேசியில் வந்தது. ஜோன்சன், ஞானமலரின் அக்கா றஜனியின் கணவர், ரொறன்ரோவில் இருப்பவர். எப்போது எடுத்தாலும் நயாகராவில்தான் தொடங்குவார். றஜனியை நயாகராவுக்குக் கூட்டிப்போனது, றஜனி நனைந்தது, நனைந்த றஜனி சிரித்தது. கேட்டுக் கேட்டுக் காது புளித்த ஒருநாள் வலன்ரைனின் வாய் தன்பாட்டில் திறந்தது.

“நாங்களும் ஞாயிறு தவறாமல் செய்ன் ஆத்தங்கரையிலைதான் அண்ணை. அந்தக் காத்துப் படாட்டில் மலருக்கு நித்திரை வராது.”

சமையலறையில் ஞானமலர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு வெட்டத் தொடங்கியது. அன்றிலிருந்து வலன்ரைன் அந்தப் பொய்யைச் சோறூட்டி வளர்த்தார். படகு வந்தது, பாலம் வந்தது, ஒரு வாரம் அன்னப்பறவைகூட வந்துபோனது.

இப்போது ஜோன்சனே வருகிறார். ஊருக்குப் போகிற வழியில் பாரிசில் விமானம் மாற வேண்டும், காலையில் இறங்கி இரவு ஏறுகிறார். தனக்கு வேறு ஒன்றும் வேண்டாம், நீங்கள் இரண்டு பேரும் நடக்கிற கரையில் நானும் ஒருக்கால் நடந்தால் காணும் என்று சொல்லிவிட்டார்.

ஆற்றுக்கு வழி கேட்டுப் போகலாம்தான். ஆனால் ஞாயிறு தவறாமல் போகிறவர் வழி கேட்டு நிற்பதைச் சகலன் கண்டால், அந்தக் கதை அன்றைக்கே ரொறன்ரோவுக்கும் மறுநாள் ஊரான மன்னாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு சாகும்வரைக்கும் நயாகராவைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மண்டையைப் போட்டு உடைத்ததில் ஒரு வழி அகப்பட்டது. சாப்பாடு. வந்த விருந்தாளியை வெறும் வயிற்றோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் சனத்திடம் கிடையாது. நேரே வீடு, வயிறு முட்டச் சோறு, விமானத்தில் கண்மூடாத மனிதனுக்கு ஒரு நல்ல தலையணை. விழித்துப் பார்த்தால் விமானம் ஏறுகிற நேரம் வந்துவிடும். ஆறு அடுத்த முறை.

நண்டு, கணவாய், ஆட்டிறைச்சி என்று ஞானமலரிடம் அடுக்கினார். மனுசன் எழும்ப ஏலாமல் சாப்பிட வேணும் என்றார்.

“ஓம்,” என்றார் ஞானமலர்.

அந்த வீட்டில் ஓம் என்பது எப்போதும் ஓர் ஆனாலைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரும். தனியே வந்த ஓமைக் கண்டு வலன்ரைன் பயந்திருக்க வேண்டும். அவரோ நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

விமான நிலையத்தில் அவர் ராசா. எந்த வாசல், எந்த மேடை, எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்குகிற இடத்தில் படி முன்னால் வரும் என்று எல்லாம் அத்துபடி. ஜோன்சன் வாய் பிளந்து பின்னால் வந்தார். ரெயின் திரான்சியைத் தாண்டும்போது எங்கடை சனம் இஞ்சை கனபேர் என்று வலன்ரைன் விளக்கம் சொன்னார். கார்-து-நோர் நெருங்க எழுந்து கதவடியில் நின்றார். அப்போதுதான் ஜோன்சனின் தொலைபேசி அடித்தது.

“அத்தான், கார்-து-நோரிலை இறங்காதேங்கோ,” என்றது ஞானமலரின் குரல். “அதே ரெயின்தான், இன்னும் ரெண்டு தரிப்புத் தள்ளி சன் மிஷேல். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு ஆத்தங்கரைக்கே வந்திட்டன். இவருக்கு வழி தெரியும்தானே, ஞாயிறு ஞாயிறு வாற இடம்.”

கதவு திறந்தது. வலன்ரைனின் ஒரு கால் லாச்சப்பலுக்குப் புறப்பட்டுவிட்டது. ஜோன்சன் அவருடைய மேலங்கியைப் பிடித்து உள்ளே இழுத்தார். கதவு மூடியது.

சன் மிஷேலில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு வெளிவாசல். பழக்கப்பட்டவர்போல வலன்ரைன் ஒன்றில் ஏறினார். மேலே வந்தால் தெரு, கோப்பிக் கடை, சனக்கூட்டம். ஆறு எந்தப் பக்கம் என்று ஜோன்சன் கேட்டார். வலன்ரைன் குனிந்து, அவிழாத சப்பாத்து நூலை அவிழ்த்துக் கட்டினார். நிமிர்ந்தபோது ஞானமலர் முன்னால் நின்றார், இரண்டு கையிலும் பை, கழுத்தில் நீலத் துப்பட்டா.

“இஞ்சாலை வாங்கோ,” என்று தெருவைக் கடந்தார். கடந்ததும் ஆறு.

கரை மதிலின்மேல் பச்சைப் பெட்டிகளில் பழைய புத்தகம் விற்கிற ஆனைஸ் என்ற பெண், ஞானமலரைக் கண்டதும் முகம் மலர்ந்து பிரெஞ்சில் படபடவென்று பேசினார். ஜோன்சனுக்கு அந்த மொழி தெரியாது. வலன்ரைனுக்குத் தெரியும், அதுதான் கொடுமை. இன்றைக்குத் தனியாக வரவில்லையா மலர், எப்போதும் வேலை வேலை என்று வராத அந்தக் கணவர் இவர்தானா என்று கேட்டார் ஆனைஸ்.

“என்னவாம்?” என்றார் ஜோன்சன்.

வலன்ரைன் மறுபடியும் சப்பாத்து நூலுக்குக் குனிந்தார். ஞானமலர் அவரை ஒரு தரம் பார்த்தார், பிறகு அத்தானைப் பார்த்தார்.

“வழமைபோலை ரெண்டு பேரும் சோடியா வந்திட்டியள் எண்டு சந்தோசப்படுறா, அத்தான்.”

ஞாயிறு மத்தியானங்களில் மாதா கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போகிறேன் என்று ஞானமலர் சொல்லிவிட்டுத்தான் போவார். எந்த மாதா கோயில் என்று வலன்ரைன் கேட்டதில்லை. எதிரே தண்ணீருக்கு அப்பால் நோத்ர்-தாம் மாதா கோயில் இரண்டு கோபுரத்தோடும் நின்றது. வீட்டில் பொய் சொன்னது ஓராள்தான். எந்தப் படி வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே ஞானமலர் கீழே இறங்கினார். இத்தனை காலம் தனியாக இறங்கிய படிகள். வலன்ரைனுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்தைவிடக் கவலையாகவும் இருந்தது. பைகளை வாங்கித் தானே தூக்கிக்கொண்டார்.

கரையில் துணி விரித்து மூவரும் சாப்பிட்டார்கள். ஜோன்சன் நண்டுக்காலை உறிஞ்சுவதைப் படகில் போன வெள்ளைக்காரர்கள் படமெடுத்தார்கள். அவர் கையாட்டினார். நயாகராவில் உட்கார்ந்து சாப்பிட இப்படி ஒரு இடமில்லை என்றும் ஒப்புக்கொண்டார். வலன்ரைன் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த வசனம். அதை முழுசாக அனுபவிப்பதற்குள் ஞானமலர் பேசினார்.

“அக்காவிட்டைச் சொல்லுங்கோ அத்தான். ஞாயிறு மூண்டு மணிக்கு வீடியோவிலை எடுத்தா எண்டால் நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சைதான் நிப்பம்.”

ஞாயிறு மூன்று மணி என்பது சீட்டுக் கலைத்துப் போடுகிற நேரம். வலன்ரைன் மறுக்க வாயெடுத்தார். வாய் நிறையக் கணவாய் இருந்தது.

அடுத்த ஞாயிறு வந்ததும், மழை வரும்போல இருக்கிறது என்று வலன்ரைன் தொடங்கிப் பார்த்தார். ஞானமலர் குடையோடு வாசலில் நின்றார். ரூ லூயி-பிளாங்கில் மூன்று பேர் நாலாவது கைக்காகக் காத்திருக்க, நாலாவது கை ஆற்றங்கரையில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் காற்று நன்றாகத்தான் இருந்தது. சரி, ஒரு பொய் சொன்னதால் வந்த வினை, போகட்டும் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார்.

தொலைபேசியில் றஜனியக்கா சிரித்தார்.

“இவர் ஊருக்கு லண்டனாலைதான் போக இருந்தவர் தம்பி. ஞாயிறு ஞாயிறு நாங்கள் நடக்கிற இடத்தை அத்தானுக்குக் காட்ட வேணும், பாரிசாலை ரிக்கற் போடுங்கோ அக்கா எண்டு மலர்தான் கரைச்சல் குடுத்தவள்.”

வலன்ரைன் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். ஞானமலர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போனை நேராப் பிடியுங்கோ,” என்றார். “அக்காவுக்கு ஆறு சரிஞ்சு தெரியப்போகுது.”