மேஜரின் பட்டினிப் போர்

எலியை எத்தனை நேரந்தான் ஆட்டுவது! நோயெல் கிராப்ட்ரீயின் வலக்கை மரத்துப்போயிற்று. நீண்ட இடுக்கியின் முனையில், வெந்நீரில் உறைவு நீங்கிய எலியொன்று இடமும் வலமும் ஊசலாடியது. எதிரே கண்ணாடிப் பேழைக்குள் மேஜர் அதை ஒருமுறை பார்த்தான். நாவை ஒருமுறை நீட்டினான். பிறகு, வேண்டாத விருந்துக்கு வந்தவனைப்போல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மேஜர் ஒரு மலைப்பாம்பு. ஏழடி நீளம், மேனியெங்கும் கம்பளம் நெய்தாற்போன்ற கோலம். பென்சில் பருமனில் அந்த வீட்டுக்குள் வந்தவன். ஒன்பதாண்டுகளாக, காட்டிய எலியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கவ்விய வீரன். அந்த வீரன் ஆறு வாரங்களாக வாயைத் திறக்கவில்லை!

"வேண்டாம்னா விடேன். அதுக்குத் தெரியாதா எப்பப் பசிக்கும்னு?" அடுக்களையிலிருந்து வந்தது மனைவி கிளெண்டாவின் குரல்.

"ஆறு வாரம் கிளெண்டா! செத்துடுவான்!"

"அப்ப டாக்டர்கிட்ட காட்டு. பாலத்துக்குப் பக்கத்துல பிரான்வின் இருக்காங்களே, பாம்பெல்லாம் பாக்கிறவங்க."

"மெர்வைக் கேட்டாச்சு."

"மெர்வ் என்ன டாக்டரா?"

"தலைவர்!"

தலைவர்! அந்த ஒரு சொல்லின்முன் தாமாகவே தாழும் தலைகள் எந்த நாட்டில்தான் இல்லை? மேரிபரோ நகர ஊர்வன வளர்ப்போர் சங்கத்தின் முப்பத்தோரு தலைகளும் மெர்வ் ஹட்சின்ஸின் முன் பதினேழு ஆண்டுகளாகத் தாழ்ந்தே கிடந்தன. கண்ணைப் பார்த்து நோயைச் சொல்வார். வாலைப் பார்த்து ஆணா பெண்ணா என்பார். எச்சத்தைப் பார்த்து எதிர்காலத்தையே சொல்வார். சொன்னது சரியா என்று எவரும் சோதித்ததில்லை. சோதிப்பவன் துரோகி!

அத்தகைய தலைவர்தான் சென்ற கூட்டத்தில் தீர்ப்பு வழங்கியிருந்தார். "மாப்ள, வர்ற சனிக்கிழமை சங்கத்துப் பாம்புக் கண்காட்சி. அதுக்குள்ள மேஜர் சாப்பிடலைன்னா அவனை நான் எடுத்துட்டுப் போறேன். பட்டினி போடுறவன் கையில பாம்பு இருக்கக்கூடாது. சங்கத்து விதி."

அப்படியொரு விதி எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆயினும் நோயெல் கேட்கவில்லை. பெயின்ட் கடையில் முப்பதாண்டுகள் "ஆமாங்க" என்றே பழகிய நாக்கு அது. ஆனால் அன்றிரவு அவனுக்கு உறக்கம் வரவில்லை. பிள்ளைகள் பிரிஸ்பேனுக்குப் பறந்துவிட்ட வீட்டில், மாலையில் அவன் வரவை எதிர்பார்த்துத் தலைதூக்கும் உயிர் மேஜர் ஒருவன்தான்.

திங்களன்று தலைவருக்குத் தொலைபேசினான்.

"எலி ஆறிக் கிடந்தா எந்தப் பாம்பு தொடும்? தலை சூடா இருக்கணும் மாப்ள. வீட்ல ஹேர் டிரையர் இருக்கா?"

இருந்தது. கிளெண்டாவுடையது. நோயெல் எலியின் தலையைப் பத்து நிமிடம் பதமாகச் சூடேற்றினான். மேஜர் திரும்பியும் பார்க்கவில்லை. மாலையில் தலை குளித்து, அதே கருவியால் உலர்த்திக்கொண்டு சங்கீதப் பயிற்சிக்குப் போன கிளெண்டா அரைமணியில் திரும்பி வந்தாள்.

"நோயெல், என் பக்கத்துல யாருமே நிக்கல. எல்லாரும் ஜன்னலைத் திறக்கிறாங்க. என் தலையில என்ன நாறுது?"

"புது ஷாம்பூவா இருக்கும்."

"ஷாம்பூவுல எலி முடி இருக்குமா?"

புதனன்று தலைவர் வேறு மந்திரம் ஓதினார். "கோழி வாசனை மாப்ள! எலி மேல கோழி வாசனை தடவிட்டா, சாமியாரும் சபலப்படுவான்."

அடுப்பில் கோழி சூப் கொதித்து இறக்கப்பட்டிருந்தது. மனைவி துணி உலர்த்தப் போன நேரம். நோயெல் எலியின் வாலைப் பிடித்தான், பானையில் முக்கினான், ஒருமுறையன்று, மும்முறை! மேஜரிடம் ஓடினான். மேஜர் மோந்து பார்த்தான். மெல்ல நகர்ந்து தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தான். தரையைத் துடைத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பியபோது பானை காலி.

"சூப் எங்க?"

"பக்கத்து வீட்டு டாயில் அம்மாவுக்கு. பாவம், இடுப்பு உடைஞ்சு கிடக்கிறாங்களே, கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன்."

நோயெல் செருப்பின்றிப் பாய்ந்தான். வேலியைத் தாண்டினான். "குடிக்காதீங்க! குடிக்காதீங்க!" என்று கூவிக்கொண்டே சாளரத்தில் முகத்தைப் பதித்தான்.

டாயில் அம்மா கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள். "ரெண்டாவது கிண்ணம்ப்பா இது. கிளெண்டா கைக்கு இப்படி ஒரு ருசி வந்ததே இல்ல. புதுசா என்னப்பா போட்டீங்க?"

அதற்கு நோயெல் சொன்ன விடையை அவன் இறுதிவரை எவரிடமும் சொல்லவில்லை. கிளெண்டாவிடம் மட்டும் சொல்ல நேர்ந்தது. அன்றிரவு அவனுக்கும் சூப் இல்லை, சோறும் இல்லை. வீட்டில் பட்டினி கிடப்போர் எண்ணிக்கை இரண்டாயிற்று.

வியாழன் விடிந்ததும் நோயெல் பேழையை எட்டிப் பார்த்தான். வெப்ப விளக்கின் கீழே மேஜர் மல்லாந்து கிடந்தான்! வெளிறிய வயிறு விளக்கை நோக்கி உப்பியிருக்க, முதுகு தரையில் படிந்திருந்தது. பாம்பு மல்லாந்தால் பாடை கட்ட வேண்டியதுதான் என்று நோயெல் அலறினான். தொட்டதும் மேஜர் சீறினான். உயிர் இருந்தது.

"தலைவரே, மல்லாந்து படுத்திருக்கான்! வயிறும் உப்பியிருக்கு!"

"வயித்துல காத்து. மனசுல ஏக்கம்," என்றார் தலைவர். "எல்லாம் அந்தக் குயீனியால வந்தது மாப்ள."

குயீனி தலைவரின் பாம்பு. செப்டம்பரில் அதைக் கொண்டுவந்து மேஜரின் பேழையில் இரண்டு வாரம் விட்டிருந்தார். இருபது குஞ்சாவது வரும், ஆளுக்குப் பாதி என்பது உடன்பாடு. ஆனால் குயீனி முட்டையிடுவதாகத் தெரியவில்லை. தின்று தின்று திமிராக அலைந்தது. உடனே சங்கம் கூடியது. "குயீனி மலடி" என்று கைதூக்கித் தீர்மானம் போட்டது.

அந்தச் செய்தியைக் கேட்ட அன்று கிளெண்டா கேட்டாள்: "குறை அதுமேலதான்னு எப்படித் தெரியும்? உன் மேஜர் மேல இருக்கக்கூடாதா?"

"மேஜரா? அவன் சிங்கம்!"

கடலுக்கு இப்பக்கமும் சரி, அப்பக்கமும் சரி, தொட்டில் ஆடாத வீட்டில் முதல் குற்றவாளி யாரென்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள். பாம்புக்கும் அந்தப் பழியிலிருந்து விடுதலை இல்லை!

"ஏக்கத்துல இருக்கிறவனுக்கு வேட்டை ஆசையைக் கிளப்பணும்," என்றார் தலைவர். "எலி உயிரோட இருக்கிற மாதிரி நடிச்சுக் காட்டு. ஓட விடு. கீச்சுனு கத்து. வெக்கப்படாம கத்து."

நோயெல் வெட்கப்படாமல் கத்தினான். கூடத்து விரிப்பில் நான்கு காலில் தவழ்ந்து, இடுக்கியில் எலியை ஓடவிட்டு, "கீச்! கீச்!" என்று அவன் கத்திய காட்சியை மேஜர் பார்க்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு கிளெண்டாவோடு வந்த அவளது தையல் குழுப் பெண்மணிகள் அறுவரும் பார்த்தனர்.

"இவர் யாரு கிளெண்டா?" என்றாள் ஒருத்தி.

"என் புருஷன்," என்றாள் கிளெண்டா. "நேத்து வரைக்கும்."

சனிக்கிழமை வந்தது, தலைவரும் வந்தார். மேஜரை ஏற்ற ஒரு பெரிய பெட்டி. தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் குயீனி.

"மலட்டுப் பாம்பை எதுக்கு வச்சுத் தீனி போடணும்? கண்காட்சியில வந்த விலைக்குத் தள்ளிவிடப் போறேன்," என்று பையைத் தட்டினார். "சரி மாப்ள, மேஜரை எடு."

நோயெல் பேழையைப் பார்த்தான். மேஜர் மல்லாந்தபடியே தலையை மட்டும் தூக்கி அவனைப் பார்த்தான். ஒன்பதாண்டுகளாக மாலைதோறும் பார்த்த அதே பார்வை.

நோயெலின் நாக்கு, பழகிய வழியில் "ஆமாங்க" என்று புறப்பட்டது, பல்லருகே வந்து நின்றது, புரண்டது.

"முடியாது தலைவரே. முதல்ல டாக்டர்."

"என்னது?"

"டாக்டர் பாக்கட்டும். பட்டினிக்கு நான்தான் காரணம்னு அவங்க சொன்னா, நீங்க எடுத்துட்டுப் போங்க. நான் வாய் திறக்க மாட்டேன்."

கிளெண்டா கார் சாவியை எடுத்துவிட்டிருந்தாள்.

"போலாம், போலாம்!" என்று மீசையை நீவினார் தலைவர். "நான் சொன்னதைத்தான் அந்தம்மாவும் சொல்லப்போறாங்க. காத்து. ஏக்கம்."

மருத்துவர் பிரான்வின் மேஜரின் வயிற்றை விரல்களால் அணு அணுவாக அழுத்திப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"இது கூட வேற பாம்பு ஏதாவது இருந்துச்சா?"

"குயீனி இருந்தா, ரெண்டு வாரம்," என்றான் நோயெல். "ஆனா அவ மலடிங்க."

"யார் சொன்னது?"

"நான்," என்றார் தலைவர். "வாலைப் பாத்தே எல்லாம் சொல்லிடுவேன்."

"அப்படியா! அந்தப் பையையும் கொடுங்க."

இரண்டு பாம்புகளும் உள்ளே போயின, கதவு சாத்தப்பட்டது. வெளியே நோயெல் நகத்தைக் கடித்துக்கொண்டு கிழக்கு மேற்காக நடந்தான். தலைவர் வடக்கு தெற்காக நடந்தார். இருமுறை மோதிக்கொண்டார்கள். கிளெண்டா மட்டும் நாற்காலியில் சாய்ந்து, மூடிய கதவையும் நடக்கும் ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கோ பார்த்த காட்சி! இதுபோல் ஒரு கதவுக்குப் பின்னால் இரண்டுமுறை படுத்திருந்தவளல்லவா அவள்?

"நீ அவனைச் சரியா பாத்துக்கல மாப்ள," என்றார் தலைவர்.

"இருக்கலாம்," என்றான் நோயெல். கண் கலங்கியிருந்தது. "ஆனா இனிமே பாத்துக்குவேன்."

கதவு திறந்தது. மருத்துவரின் உதவியாளர் ஷார்லீன், நரைத்த கொண்டையில் பேனாவைச் செருகியபடி, இரண்டு பெட்டிகளோடு வந்து நின்றாள். ஒன்றை இருகையாலும் ஏந்தி நோயெலிடம் பதமாகக் கொடுத்தாள். மற்றதைத் தலைவரின் கையில் பொத்தென்று வைத்தாள்.

"உங்க மேஜருக்கு இன்னும் பத்து நாளைக்கு எலியெல்லாம் காட்டாதீங்க நோயெல், இருபது முட்டை சுமக்கிறவளுக்கு வயித்துல எடம் ஏது? மெர்வ், நீங்க உங்க மலடியைத் தாராளமா கூட்டிட்டுப் போகலாம், அந்த முட்டைகளோட அப்பாவுக்கு இங்க ஒரு வேலையும் இல்ல!"