காருக்கு சவுனா வைத்த கதை

கெமியார்வி,
பிப்ரவரி 19, புதன்கிழமை

மரியாதைக்குரிய மைத்துனர் வெய்க்கோ அவர்களுக்கு, சுலோ எழுதுவது. நானும் உங்கள் அக்கா ஐலியும் நலம். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. அங்கே உங்கள் முழங்கால், உங்கள் நாய், உங்கள் வாய் எல்லாம் நலந்தானே?

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் தந்த, உறைந்த கதவுக்குப் பீய்ச்சும் எண்ணெய் டப்பாவைப் பிரிக்காமலே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். முப்பது குளிர்காலம் பள்ளிப் பேருந்து ஓட்டியவனுக்கு டப்பா தேவையில்லை. ஞானஸ்நானத்தில் நடந்ததை ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறீர்களாம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பேரனை ஏந்தி நிற்கும் பொறுப்பை மகள் சைலா எனக்குத்தான் கொடுத்திருந்தாள். பெயர் அதுவரை பரம ரகசியம். அதை உரக்கச் சொல்ல வேண்டியவனும் நானே. சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்து, "கோயில்லதான் பிரிக்கணும் அப்பா. பதினோரு மணிக்கு வரலேன்னா வெய்க்கோ மாமா கையில பிள்ளைய குடுத்துடுவேன்" என்றாள். பிரசவத்தன்று என் கார்க் கதவு திறக்காமல் நீங்கள் வந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதிலிருந்து என்மேல் அவளுக்கு நம்பிக்கை குறைவு. எனக்கு அது வலிக்கத்தான் செய்தது.

ஞாயிறு காலை காரின் நான்கு கதவும் பின்கதவும் உறைந்து கிடந்தன. சளி, முதுகுவலி, மனக்கவலை எல்லாவற்றையும் தீர்க்கிற சவுனா ஒரு கதவுக் கொக்கியைத் தீர்க்காதா? கார் அந்த நீராவிக் குளியலறை வாசலருகேதான் நின்றது. அடுப்பை மூட்டி, சுட்ட கல்லில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, வாசலைத் திறந்துவிட்டேன். காரே தெரியாத அளவுக்கு ஆவி. ஐலி ஜன்னல் வழியே, "காருக்கு முதுகு தேச்சு விடலையா?" என்றாள். பத்து நிமிஷத்தில் என் பக்கத்துக் கதவு திறந்தது. இதை யாரும் மறுக்க முடியாது.

திறந்த கதவு மூடவில்லை என்பது வேறு விஷயம். உள்ளே போன ஆவி தண்ணீராகி, தண்ணீர் பனிக்கட்டியாகி, கொக்கி அசைய மறுத்தது, எத்தனை தடவை அடித்துச் சாத்தினாலும் கதவு திரும்பி வந்தது, கயிறோ திறக்காத பின்கதவுக்குள், மணியோ பத்தரை. ஐலி என் பக்கமாக ஏறித் தாவி உட்கார்ந்தாள். நான் கால்சட்டைத் தோள்வாரைக் கழற்றிக் கதவைப் பக்கத்து இருக்கையோடு இழுத்துக் கட்டி ஓட்டினேன். பத்து ஐம்பத்தெட்டுக்குக் கோயில்! முடிச்சு உறைந்துவிட்டதால் ஐலி மீன் கத்தியால் தோள்வாரை அறுத்தாள்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். பிள்ளையை ஏந்த இரண்டு கை வேண்டும்; கால்சட்டைக்கு ஒரு கையாவது வேண்டும். "நீங்க பிள்ளையப் பிடிங்க மச்சான், மத்தத நான் பின்னால நின்னு பிடிச்சுக்கிறேன்" என்றீர்கள். அது பெரிய மனசு, மறக்க மாட்டேன். பாதிரியார் பெயர் கேட்டார். ஐலி சீட்டைப் பிரித்துக் காட்டினாள். "வெய்க்கோ சுலோ" என்று படித்தேன். நீங்கள் எனக்குப் பின்னால். பெயரில் நான் உங்களுக்குப் பின்னால். எனக்குப் பொறாமையாக இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. பிரசவத்தன்று சைலாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நீங்கள்தானே. கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து நீங்கள் கையை விட்டுவிட்டீர்கள். உங்கள் பெயரைக் கேட்ட அதிர்ச்சி, புரிகிறது. ஆனால் ஊரில் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: நான் பிள்ளையை விடவில்லை.

உங்கள் அடுப்பு அணையாமலும் முழங்கால் மடங்கியும் இருக்க வாழ்த்தும்,
சுலோ

பி.கு.: மாப்பிள்ளை, பார்சலைத் தபாலில் போடக் கிளம்பினேன். சவுனா கண்ட காரில் ஒரு கதவும் திறக்கவில்லை. உன் அக்கா பார்சலைப் பிரித்து ரெண்டு தடவை பீய்ச்சினாள். திறக்கிறது, மூடவும் செய்கிறது. ஐந்து கதவுக்கும் அடித்ததில் டப்பா காலி, எனவே வராது. சனிக்கிழமை சவுனாவுக்கு வா, இன்னும் ரெண்டு டப்பாவும் ஒரு தோள்வாரும் கொண்டு வா. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாராவது பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் கை தானாக இடுப்புக்குப் போகிறது.