கவுதாரி முட்டையும் கீரியோட நாவலும்

ஒரு காட்டில் ஒரு கவுதாரி மூணு முட்டை போட்டு வச்சிருந்தா. மூணையும் நரி முழுங்கிட்டான். கண்ணால பார்த்த சாட்சி ஒரே ஒரு கீரி.

சிங்கராஜா கறாராச் சொல்லிட்டார். "வாயால சொன்னா செல்லாது. பார்த்தவன் எழுத்துல குடுக்கணும். பௌர்ணமிக்குள்ள வரலேன்னா கேஸ் தள்ளுபடி."

கவுதாரி கீரிகிட்ட ஓடினா. "அண்ணே, நாலு வரி எழுதிக் குடுங்க. போதும்."

"நாலு வரியா?" கீரிக்கு ரோஷம் வந்துடுச்சு. எழுத்தாளர் ஆகணும்னு அவனுக்கு ரொம்ப நாளா ஒரு அரிப்பு. "இது நாவலுக்கான சமாச்சாரம் தங்கச்சி. நானூறு பக்கம் வரும்."

சேதி நரி காதுக்குப் போச்சு. நரி மிரட்டலை, கடிக்கலை. சிரிச்ச முகமா வந்து உக்காந்தான்.

"எழுதப்போறியாமே தம்பி?"

"ஆமா. உங்களைப் பத்தித்தான்."

"தாராளமா எழுது. தினசரி இலக்கு எவ்ளோ? வார்த்தைக் கணக்கா, பக்கக் கணக்கா?"

"இலக்கா? அப்படி ஒண்ணும் வைக்கலையே அண்ணே."

"இலக்கே வைக்காமயா நாவல்? அட, என்னப்பா நீ!"

அன்னிக்கே நரி ஒரு எழுத்துப் பட்டறை ஆரம்பிச்சான். மாணவன் ஒரே ஆள். முதல்ல இலக்கு அட்டவணை. எழுதின நாளுக்குப் பச்சைக் கட்டம், எழுதாத நாளுக்குச் சிவப்பு. கட்டம் போடவே ஆறு நாள் ஆச்சு. அப்புறம் எழுதறதுக்கு வேண்டிய வசதியெல்லாம் தேடணுமாம். மூங்கில் மேசை, முதுகு வலிக்காத நாற்காலி, வார்த்தை எண்ணுற ஆப், படைப்பாளிகள் வாட்ஸப் குழு. குழுவுல காலை வணக்கம் போட்டு முடிக்கறதுக்குள்ள உச்சி வெயில் வந்துடும்.

கவுதாரி எட்டிப் பார்த்தா. "அண்ணே, நிலா முக்கால் வட்டம் ஆயிடுச்சு."

"அவசரப்படுத்தாதம்மா. அணிந்துரை வாங்கிட்டிருக்கேன்."

"எழுதாத புத்தகத்துக்கா?"

"குடுக்கறவங்க என்னிக்கு படிச்சிருக்காங்க?"

பௌர்ணமி அன்னிக்கு மத்தியானம் வெளியீட்டு விழா. தலைமை நரி. வாழ்த்துரை கரடி. கீரி மேல எட்டுப் பொன்னாடை, மூக்கு மட்டும் வெளிய தெரிஞ்சது. சிங்கராஜா முதல் பிரதியைப் பிரிச்சார். பதினேழு அணிந்துரை. கடைசியில என்னுரை. நடுவுல நானூறு வெள்ளைத்தாள்.

"சாட்சி எங்கடா?"

நரி மைக்கைப் பிடிச்சான். "மகாராஜா, முட்டை போன வெறுமையை வெறும் தாளாலயே சொல்லிட்டான் தம்பி! புரியறவங்களுக்குப் புரியும்."

புரியலைன்னு காட்டிக்க சிங்கத்துக்கு வெக்கம். பலமாக் கைதட்டிட்டு, கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டார்.

கவுதாரி அழுதா. "அண்ணே, என் முட்டை?"

கீரி பொன்னாடையைச் சரி பண்ணிக்கிட்டான். "உன் வலியை நீதாம்மா எழுதணும். நாளையிலேருந்து நானும் நரியண்ணனும் சேர்ந்து பட்டறை நடத்துறோம். உனக்கு முன்வரிசையில இடம் போட்டு வைக்கிறேன்."

நீதி: சாட்சியைக் கலைக்கணுமா? மிரட்டாதீங்க. "உனக்குள்ள ஒரு எழுத்தாளன் இருக்கான்"னு சொல்லி, நல்ல நோட்டா ஒண்ணு வாங்கிக் குடுங்க.